ஊருக்கே திரும்பிவிடலாமா? அமெரிக்காவில் இருந்து யோசிக்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டிய தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு வராத வீடு அபூர்வம். சனிக்கிழமை நாலு குடும்பம் சேர்ந்து சாப்பிட்டு முடித்ததும் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் கிளம்பிடணும்." அந்த ரெண்டு வருஷம் முடியும்போது கிரீன் கார்டு வரட்டும் என்று தோன்றும், வீட்டுக் கடன் கொஞ்சம் குறையட்டும் என்று தோன்றும், பெரியவள் மிடில் ஸ்கூல் முடிக்கட்டும் என்று தோன்றும். நாங்கள் நியூஜெர்சியில் இருந்து கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகு நண்பர்கள் போன் செய்து கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான், அதனால் இதை முதல் முறையாக யோசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு உதவும் வரிசையில் எழுதி வைக்கிறேன்.

போவதா இருப்பதா என்று நான் சொல்லப்போவதில்லை. இரண்டு முடிவும் எடுத்து நன்றாக இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் முடிவை நீங்கள் எடுக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பையன் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டால், அப்பா படுக்கையில் விழுந்துவிட்டால், வேலை போய், ஹெச்-1பி வேலை விசாக்காரர்களுக்கு இருக்கிற 60 நாள் கெடு ஓடத் தொடங்கினால், அதற்கப்புறம் நடப்பது எதுவும் நீங்கள் நிதானமாக யோசித்து எடுத்த முடிவாக இருக்காது.

முதல் படி: கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதுங்கள்

ஆளுக்கொரு தாளில், ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்காமல், "நான் ஏன் போக நினைக்கிறேன், நான் எதற்குப் பயப்படுகிறேன்" என்று எழுதுங்கள். பேசினால் ஒருவர் குரல் மற்றவரை அமுக்கிவிடும், எழுதினால் அப்படி ஆகாது. எழுதி முடித்ததும் காரணங்களை இரண்டாகப் பிரியுங்கள். அங்கிருந்து துரத்துகிற காரணங்கள் ஒரு பக்கம்: விசா பயம், பனிக்காலம், மேலதிகாரி, தனிமை. ஊர் இழுக்கிற காரணங்கள் இன்னொரு பக்கம்: அப்பா அம்மா, பிள்ளைகளுக்குத் தமிழ், சொந்தத் தொழில், சொந்தபந்தம். துரத்துகிற காரணங்கள் மட்டுமே நிறைந்திருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். மேலதிகாரி பிரச்சினைக்கு வேறு கம்பெனி போதும், பனிக்கு டெக்ஸாஸ் போதும், அதற்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஆண்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்புவது உங்களுக்கு மகனாகத் திரும்புவது, உங்கள் மனைவிக்கு அது மருமகளாகத் திரும்புவது. அங்கே தானே கார் ஓட்டி, தானே சம்பாதித்து, வீட்டு வேலையைப் பாதிப்பாதியாகப் பிரித்து, யாரிடமும் நேரம் சொல்லாமல் வெளியே போய்வந்த பெண், இங்கே எங்கே போகிறாய் எப்போது வருவாய் என்று கேட்கிற வீட்டுக்குள் வந்தால் எத்தனை நல்ல மாமியாராக இருந்தாலும் மூச்சு முட்டும். 2015-இல் ஹெச்-1பி-காரர்களின் துணைக்குத் தருகிற ஹெச்-4 விசாவுக்கு வேலை அனுமதி வந்தபிறகுதான் பல பெண்கள் விட்ட இடத்தில் இருந்து வேலையைத் தொடங்கினார்கள், அதை மறுபடி நிறுத்தச் சொல்கிறோமா என்பதை நேராகக் கேட்க வேண்டும். ஒரே வீடா, பக்கத்துத் தெருவா, வேறு ஊரா? சமையலுக்கு யார்? விருந்தாளிகள் வந்தால் யார் லீவு போடுவது? இதெல்லாம் சின்ன விஷயம், போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் வீட்டில்தான் ஒரே வருடத்தில் மறுபடி பெட்டி கட்டுகிறார்கள். மனைவி மனதார ஒப்புக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள்.

இரண்டாம் படி: அப்பா அம்மாவுக்கு உண்மையில் என்ன தேவை

"நாங்க நல்லாத்தான் இருக்கோம், நீ பிள்ளைங்களைப் பாரு" என்றுதான் போனில் சொல்வார்கள். அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. அடுத்த முறை போகும்போது கடைசி மூன்று ரத்தப் பரிசோதனைகளைப் பாருங்கள், மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள், இந்த வருடம் எத்தனை முறை கீழே விழுந்தார்கள் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். குடும்ப டாக்டரை அவர்கள் இல்லாத நேரத்தில் ஒருமுறை பார்த்துப் பேசுங்கள்.

அப்புறம் இன்னொன்று. அவர்களுக்கு வேண்டியது கூட ஒரு ஆளா, நல்ல மருத்துவமனையா, நீங்களேதானா? அறுபத்தைந்து வயதில் நடமாட்டமாக இருக்கிற பெற்றோருக்கும் எண்பதில் மறதி நோயோடு இருக்கிற பெற்றோருக்கும் பதில் வேறு. சிலருக்கு நல்ல உதவியாள் ஒருவரும் வருடத்துக்கு இரண்டு பயணமும் போதும். சிலருக்கு எதுவும் போதாது, மகனோ மகளோ பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மற்ற கணக்குகளை இதற்குக் கீழேதான் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். அண்ணன் தங்கை இருந்தால் அவர்களையும் சேர்த்து உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் திரும்பிவந்ததும் எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில் இறங்கிவிடும் என்பதும் நடக்கிற விஷயம்.

மூன்றாம் படி: பிள்ளை எந்த வகுப்பு

ஐந்தாம் வகுப்புக்குள் வந்தால் பிள்ளைகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள். ஆறு, ஏழு கொஞ்சம் சிரமம், ஆனால் முடியும். எட்டுக்கு மேல் போய்விட்டால் எனக்குத் தயக்கம்தான். நண்பர்கள் என்கிற வட்டம் அந்த வயதில்தான் இறுகுகிறது, இங்கே ஒன்பதாம் வகுப்பில் இருந்தே பொதுத்தேர்வு மனநிலை தொடங்கிவிடுகிறது, அமெரிக்கப் பள்ளியில் விவாதித்தும் புராஜெக்ட் செய்தும் படித்த பிள்ளைக்கு அந்த மாற்றம் கொடுமையாக இருக்கும். ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை இருக்கிற பிள்ளையோடு வருவதாக இருந்தால் அந்தப் பிள்ளையின் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் பள்ளி முடியும்வரை காத்திருப்பதே நியாயம்.

எந்தப் பாடத்திட்டம் என்பதை, பிள்ளை கல்லூரி எங்கே படிக்கும் என்பதில் இருந்து பின்னோக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவுக்கே திரும்பப் போவாள் என்றால் ஐபி அல்லது கேம்பிரிட்ஜ் என்கிற சர்வதேசப் பாடத்திட்டம் இருக்கிற பள்ளி வசதி, ஆனால் ஆண்டுக் கட்டணம் பல லட்சம், இரண்டு பிள்ளை என்றால் வீட்டு வாடகையை விட அதுதான் பெரிய செலவு. சிபிஎஸ்இ படித்துவிட்டும் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போகலாம், அதையும் மறக்க வேண்டாம். தமிழைப் பற்றியும் விசாரியுங்கள்: 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டம் வந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப்பாடம் படிப்படியாகக் கட்டாயமானது, பிறகு சிபிஎஸ்இ போன்ற பள்ளிகளுக்கும் அது நீண்டது. நீங்கள் பார்க்கிற பள்ளியில், நடுவில் வந்து சேரும் பிள்ளையை எப்படிக் கையாளுகிறார்கள் என்று நேரில் கேளுங்கள். கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்பே வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதி பயம் போய்விடும். வார இறுதித் தமிழ்ப் பள்ளி பக்கத்தில் இருந்தால் உடனே சேருங்கள்.

பலருக்குத் தெரியாமல் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை இங்கே ஓசிஐ அட்டையோடுதான், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற அட்டையோடுதான் இருக்கும். பள்ளியில் சேர அதனால் தடையில்லை. ஆனால் 2021 மார்ச் 4-ஆம் தேதி வந்த மத்திய அரசு அறிவிப்பின்படி நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகள் வழியாக வரும் இடங்களில் ஓசிஐ பிள்ளைகள் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்கில்தான் வருவார்கள், இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய இடங்களைக் கேட்க முடியாது. அந்தத் தேதிக்கு முன்பே ஓசிஐ அட்டை வாங்கிய பிள்ளைகளுக்குப் பழைய உரிமை தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்புச் சொன்னது. ஆக, பிள்ளையின் அட்டையில் இருக்கிற தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இங்கே அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்க்கலாம் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு இந்த ஒரு தேதி மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும்.

நான்காம் படி: திரும்பிப் போகிற கதவு எவ்வளவு திறந்திருக்கிறது

இது உங்கள் ஆவணத்தைப் பொறுத்தது. கிரீன் கார்டு இருக்கிறவர் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தங்கிவிட்டால் அதைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும் ஆபத்து இருக்கிறது. ரீ-என்ட்ரி பெர்மிட் என்கிற மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்தால் பொதுவாக இரண்டு வருடம் வரை அவகாசம் கிடைக்கும். ஆனால் விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும், ஊருக்கு வந்தபிறகு ஞாபகம் வந்து பயனில்லை. வருடத்துக்கு ஒருமுறை போய்த் தலைகாட்டிவிட்டு வந்தால் போதும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், உண்மையில் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். குடியுரிமைக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம்தான் பாக்கி, வீட்டில் அவசரமும் இல்லை என்றால் காத்திருந்து வாங்கிக்கொண்டு வருவது நல்லது.

குடியுரிமை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு நீங்களும் ஓசிஐ ஆகிவிடுவீர்கள். ஓட்டு இல்லை. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஊரில் தோட்டம் வாங்கி விவசாயம் பார்க்கலாம் என்ற கனவோடு இருக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

ஹெச்-1பி-யில் இருக்கிறவர்கள் நிலைமை வேறு. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம்தான் என்கிற உச்சவரம்பால் இந்தியர்களுக்கான வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீண்டு கிடக்கிறது. கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடுகிற ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருந்தால் நீங்கள் ஊருக்குப் போனாலும், வரிசையில் உங்கள் இடத்தைச் சொல்கிற முன்னுரிமைத் தேதி பொதுவாக உங்களுடையதாகவே இருக்கும், எனவே அந்த ஒப்புதல் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாக ஹெச்-1பி மனுப் போட ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்ததில் இருந்து, பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம் என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, கிளம்பும் மாதத்தில் குடிவரவு வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசக் காசு செலவழியுங்கள். கதவு மூடிவிடும் என்றால் மூடிவிடும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். அப்படியும் போக வேண்டும் என்று தோன்றினால் அதுதான் உறுதியான பதில்.

ஐந்தாம் படி: பணம்

முதலில் செலவுக் கணக்கு. டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்துச் சந்தோஷப்படுவதை நிறுத்திவிட்டு, இங்கே ஒரு மாதம் வாழ என்ன ஆகும் என்று ரூபாயிலேயே எழுதுங்கள். வாடகை, பள்ளி, வீட்டு வேலைக்கு ஆள், கார், பெட்ரோல், மருத்துவக் காப்பீடு, பெற்றோர் மருத்துவம், கல்யாணம் காதுகுத்து மொய், வருடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டுப் பயணம். கடைசி இரண்டையும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சம்பளம் இல்லாமல் சேமிப்பிலேயே வாழப்போகிறேன் என்கிறவருக்கு ஆண்டுச் செலவைப்போல முப்பது மடங்காவது கையில் வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்காவில் சொல்கிற இருபத்தைந்து மடங்குக் கணக்கு இங்குள்ள விலைவாசி ஏற்றத்துக்குத் தாங்காது. பிள்ளை அமெரிக்காவில் கல்லூரி படிக்கும் என்றால் அந்தப் பணத்தைத் தொடாமல் டாலரிலேயே விட்டுவையுங்கள். 2025 டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியது, ரூபாயில் சேர்த்து டாலரில் கட்டுவது வருடத்துக்கு வருடம் கடினமாகிக்கொண்டேதான் போகும்.

அடுத்து வரி. இந்த ஒரு இடத்தில் நிதானமாகத் திட்டமிட்டால் பெரிய தொகை மிஞ்சும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அதில் 182 நாள் இங்கே இருந்தால் நீங்கள் வரிக்கணக்கில் குடியிருப்பவர். முந்தைய நான்கு வருடங்களில் மொத்தம் 365 நாள் இந்தியாவில் இருந்திருந்தால் 60 நாளே போதும், அந்த விதி பிடித்துக்கொள்ளும். அப்படி ஆனாலும், பல வருடம் வெளியே இருந்தவர்களுக்கு முதல் இரண்டு வருடம், சிலருக்கு மூன்று வருடம்கூட, ஆர்என்ஓஆர் என்கிற இடைநிலை கிடைக்கும். முந்தைய பத்து வருடங்களில் ஒன்பது வருடம் வெளிநாட்டுவாசியாக இருந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய ஏழு வருடங்களில் இந்தியாவில் இருந்த நாட்கள் 729-ஐத் தாண்டக் கூடாது. அந்த இடைநிலையில் இருக்கும்வரை உங்கள் வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி இல்லை. அக்டோபர் முதல் வாரத்துக்குப் பிறகு வந்து இறங்கினால் அந்த நிதியாண்டில் 182 நாள் சேராது, 60 நாள் விதியும் பிடிக்காவிட்டால் இந்தச் சலுகைக் காலம் அடுத்த ஏப்ரலில்தான் எண்ணத் தொடங்கும். அதே நிதியாண்டில் மே மாதம் விடுமுறைக்கு வந்து போன நாட்களும் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

இந்தச் சலுகைக் காலத்தில் என்ன செய்யலாம்? குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் முழுதாகக் கிளம்பி வந்தவர், லாபத்தில் இருக்கிற அமெரிக்கப் பங்குகளை விற்றால் பெரும்பாலும் அங்கேயும் மூலதன ஆதாய வரி இல்லை, இங்கேயும் இல்லை. பணத்தை அமெரிக்கக் கணக்கிலேயே முதலில் பெற வேண்டும், நேராக இந்தியக் கணக்குக்கு வரவைக்கக் கூடாது. விற்கும் முன் இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டரிடம் உங்கள் தேதிகளைக் காட்டி உறுதிசெய்யுங்கள். வீடு இருந்தால் அதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது குடியிருந்த வீட்டை விற்றால் தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை லாபத்துக்கு அங்கே வரி கிடையாது. வாடகைக்கு விட்டுவிட்டு வந்து மூன்று வருடம் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், அங்கே வரிக்கணக்கில் வெளிநாட்டவராகிவிட்ட பிறகு விற்றால் விற்பனை விலையில் பொதுவாக 15 சதவீதத்தை முதலிலேயே பிடித்துவைப்பார்கள், இடைநிலை முடிந்திருந்தால் இந்தியாவிலும் வரி வரும். வீட்டை வைத்திருப்பதே பாதுகாப்பு என்று மனசு சொல்லும். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் என்று நிற்பதற்கு விலை இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

401கே என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு சேர்த்து 10 சதவீதம் அபராதம் போகும். அது அங்கேயே வளரட்டும், எடுக்கும் வருடத்தில் மட்டும் வரி கட்டும்படி இங்கே கேட்டுக்கொள்ள வழி இருக்கிறது, அதற்கு உரிய நேரத்தில் படிவம் கொடுக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி என்கிற அமெரிக்க அரசு ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட், அதாவது சுமார் பத்து வருட வேலை தேவை. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதில் ஒப்பந்தம் இல்லை, இங்கே வேலை பார்த்து மீதியை நிரப்ப முடியாது. ஒன்பதரை வருடத்தில் கிளம்பத் திட்டமிடுகிறவர் ஆறு மாதம் தள்ளிப்போடலாம்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்துக்கொண்டு இங்கே வாழ்கிறவர்கள் உலக வருமானம் முழுவதையும் அமெரிக்காவுக்கு வருடாவருடம் காட்ட வேண்டும், இந்திய வங்கிக் கணக்குகளில் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியாகவும் தெரிவிக்க வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டு வாங்குவது இவர்களுக்குப் பெரிய தலைவலி, அமெரிக்க வரிச் சட்டம் அதை மிகக் கடுமையாக நடத்துகிறது. வங்கி மேலாளர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வந்து இறங்கியதும், வெளிநாட்டில் இருந்தபோது இந்திய வங்கியில் வைத்திருந்த என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளைச் சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். டாலர் போன்ற வெளிநாட்டுப் பணத்திலேயே போட்ட எஃப்சிஎன்ஆர் டெபாசிட் முதிர்வு வரை ஓடலாம், அந்நியச் செலாவணியாகவே வைத்திருக்க ஆர்எஃப்சி கணக்கு இருக்கிறது. வெளிநாட்டில் இருந்தபோது சேர்த்த சொத்தை வெளிநாட்டிலேயே வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் இடைநிலை முடிந்தபின் ஒவ்வொரு வெளிநாட்டுக் கணக்கையும் வரிப் படிவத்தில் காட்ட வேண்டும், மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போகக்கூடும்.

ஆறாம் படி: வேலை

கையில் வேலை உத்தரவு இல்லாமல் கிளம்ப வேண்டாம், குறைந்தது ஒரு வருடச் செலவு தனியாக ஒதுக்கியிருந்தால் ஒழிய. சுலபமான வழி இப்போதைய கம்பெனிக்குள்ளேயே மாற்றல் கேட்பது. சென்னை ஓஎம்ஆரிலும் கோவை சரவணம்பட்டிப் பக்கமும் பல பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த மையங்களை வைத்திருக்கின்றன. இங்கே நோட்டீஸ் காலம் பல இடங்களில் 90 நாள், இரவு எட்டு மணிக்கு அமெரிக்காவோடு மீட்டிங் என்பது சாதாரணம். பெற்றோரோடும் பிள்ளைகளோடும் இருக்கத்தான் வருகிறோம் என்றால் அந்த இரவு மீட்டிங் வாரத்தில் எத்தனை நாள் என்பதைச் சம்பளத்துக்கு முன் கேளுங்கள்.

ஏழாம் படி: மே மாதத்தில் ஒருமுறை, மழையில் ஒருமுறை

டிசம்பர் கடைசியில் மூன்று வாரம் வந்து, மார்கழிக் குளிரில் கச்சேரி கேட்டு, அத்தை வீட்டு விருந்து சாப்பிட்டுவிட்டு எடுக்கிற முடிவை நம்பாதீர்கள். அது விருந்தாளியாக இருந்து பார்த்த ஊர். கத்திரி வெயிலில் ஒருமுறை வாருங்கள், ஐப்பசி மழையில் ஒருமுறை வாருங்கள். முடிந்தால் தொலைவேலை அனுமதி வாங்கிக்கொண்டு ஒன்றிரண்டு மாதம் தங்குங்கள், பெற்றோர் வீட்டில் தங்காமல் நீங்கள் குடியிருக்க நினைக்கிற பகுதியில் ஒரு வீடு எடுத்துத் தங்குங்கள். வேலைக்குப் போகும் நேரத்தில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுங்கள். வில்லங்கச் சான்று எடுக்கவோ பட்டா மாற்றவோ ஒரு அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். காய்ச்சல் வந்த பிள்ளையை இரவில் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று பாருங்கள். மனைவி தனியாக வெளியே போய்வரட்டும். இதையெல்லாம் செய்தபிறகும் இந்த ஊர் வேண்டும் என்று இருவருக்கும் தோன்றினால் அந்த எண்ணத்தை நம்பலாம்.

எந்த ஊர் என்பதும் இதில்தான் தெளியும். சென்னை என்றால் வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் அதிகம், கூடவே தண்ணீரும் பிரச்சினை. 2015 வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது, 2019 வறட்சியில் லாரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்தது என்று அந்தத் தெருவிலேயே கேளுங்கள், குறிப்பாக வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம். கோவையில் வெயில் கொஞ்சம் தணிவு, வாழ்க்கை கொஞ்சம் நிதானம், ஆனால் வேலை மாற வேண்டி வந்தால் வாய்ப்புகள் குறைவு. சொந்த ஊர்ச் சின்ன நகரம் என்றால் சொந்தபந்தம் இருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் பெற்றோருக்கு இதய நிபுணரும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

வந்ததும் வீடு வாங்க வேண்டாம். முதல் வருடம் வாடகைதான். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி முன்பணம் பொதுவாக மூன்று மாத வாடகைதான், பழைய பழக்கத்தில் பத்து மாதம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பேரம் பேசுங்கள்.

எட்டாம் படி: தேதி குறியுங்கள்

போவது என்றால் எந்த மாதம் என்று காலண்டரில் எழுதுங்கள். இருப்பது என்றால், இன்ன வருடம் வரை இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று அதையும் எழுதுங்கள். பிறகு அங்கே வீடு வாங்கவோ, பெற்றோரை அழைத்து ஆறு மாதம் வைத்துக்கொள்ளவோ மனம் அமைதியாகும்.

போகிறவர்கள் கிளம்பும் முன் செய்ய வேண்டிய சில: மருத்துவக் காப்பீட்டை அங்கே இருக்கும்போதே இந்தியாவில் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் உண்டு, அது இப்போதே ஓடத் தொடங்கட்டும். பெற்றோருக்கும் கேட்டுப் பாருங்கள், 65 வயதுக்கு மேல் புதிய காப்பீடு கிடையாது என்ற வரம்பு 2024-இல் போய்விட்டது. பிள்ளைகளின் ஓசிஐ அங்கேயே வாங்குங்கள். பள்ளி மதிப்பெண் ஆவணங்கள், தடுப்பூசிப் பதிவுகள், மருத்துவ அறிக்கைகள் எல்லாம் முத்திரையோடு வாங்கிக் கையில் கொண்டுவாருங்கள், கன்டெய்னரில் போட வேண்டாம், அது வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். அமெரிக்க மின்சாதனங்கள் 120 வோல்ட்டுக்குச் செய்தவை, இங்கே 230 வோல்ட், மிக்சியையும் வாஷிங் மெஷினையும் கொடுத்துவிட்டு வாருங்கள். புத்தகங்களும் பிள்ளைகளின் கட்டிலும் வரட்டும், பழகிய பொருள் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்குத் தூக்கம் வரும். அமெரிக்க போன் எண்ணை மலிவான திட்டத்துக்கு மாற்றி உயிரோடு வைத்திருங்கள், வங்கிகளின் ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். இந்திய முகவரி என்றால் கணக்கை முடக்கிவிடுகிற பங்குத் தரகு நிறுவனங்கள் உண்டு, உங்களுடையது எப்படி என்று முன்பே கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறவர்கள் வந்த உடனே ஆதாருக்குப் பதியலாம், ஓசிஐ என்றால் 182 நாள் தங்கியிருக்க வேண்டும்.

வந்தபின் முதல் ஆறு மாதம் சண்டை வரும். பிள்ளை அழும், நீங்கள் ஹாரன் சத்தத்தில் எரிச்சல்படுவீர்கள், இணைய இணைப்புக்கு வந்தவர் பாதியில் போய்விடுவார், உறவுக்காரர்கள் ஏன் திரும்பி வந்தீர்கள், வேலை போய்விட்டதா என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். அந்த ஆறு மாதத்தில் தப்புப் பண்ணிவிட்டோம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு முழுப் பள்ளி ஆண்டு முடியட்டும். அது முடிந்த வாரத்தில், முதலில் எழுதிய அதே இரண்டு தாள்களை எடுத்து, பிள்ளைகளையும் உட்கார வைத்து, இந்த முறை நால்வரும் எழுதுங்கள். மறுநுழைவு அனுமதியோடு வந்தவர்களுக்கு அப்போதும் ஏறக்குறைய ஒரு வருடம் மிச்சம் இருக்கும், திரும்பிப் போவதாக இருந்தால் விமானச் சீட்டும் அங்கே பள்ளிச் சேர்க்கையும் அதற்குள் முடிகிற மாதிரி திட்டமிடுங்கள்.